சொந்த நிலம் வேண்டாம் என்பவர்களுக்கு

பினாங்குத் தமிழ் வாசகர்களிடம் ஒரு முடிவு விவாதமே இல்லாமல் உறுதிப்பட்டுவிட்டது. புத்தகம் பற்றிப் பேசப் புலனக் குழு இருக்கிறது, எழுத முகநூல் இருக்கிறது, படித்ததைக் கணக்கு வைக்கக் குட்ரீட்ஸ் இருக்கிறது. வாசகனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளம் என்று ஒன்று உண்டு, வாசகர்களுக்கென்றே புக்வெர்ம் என்று ஒன்று அதில் இயங்குகிறது என்று பேச்செடுத்தால், "அதெல்லாம் கணினிக்காரர்கள் வேலை" என்று ஒரே வரியில் கதவைச் சாத்திவிடுகிறார்கள். செபராங் ஜெயாவில் கூடினாலும் கடலைத் தாண்டி ஜார்ஜ்டவுனில் கூடினாலும் இதே பதில். மாக் மண்டினில் நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் வாசிப்புக் கூட்டத்திலும் பெரும்பான்மையினர் கருத்து இதுதான். நான் சிறுபான்மை. ஏன் என்று இங்கே எழுதுகிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைத்துவிடுவதுதான் முறை. மலேசியாவில் தமிழ் நாவல் படிப்பவர்கள் குறைவு. அந்தக் கொஞ்சப் பேரும் ஏற்கெனவே ஓரிடத்தில் சேர்ந்திருக்கிறார்கள். அறுபது வயது தாண்டியவர்களுக்கும் பழகிப்போன இடம் அது. காசு கேட்பதில்லை, கடவுச்சொல்லை மறந்தால் மீட்டுத் தருகிறது, கோலாலம்பூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ ஓர் எழுத்தாளர் நேரடியாக வந்து பதில் சொல்கிறார். இதை விட்டுவிட்டுப் பெயர் தெரியாத சர்வரில் கணக்குத் தொடங்கச் சொல்வது, இருக்கும் கூட்டத்தையும் கலைப்பதாகிவிடும். அந்தச் சர்வரை நடத்துபவர் யார், நாளை இருப்பாரா, தமிழ் நூல்கள் அதில் கிடைக்குமா, யாராவது அவதூறு எழுதினால் யாரிடம் போய் முறையிடுவது? இவை நியாயமான கேள்விகள். கேட்பவர்கள் புத்தகத்தை நேசிப்பவர்கள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அதற்கு முன் பொருள் என்ன என்பது தெளிவாகட்டும். புக்வெர்ம் ஒரு தளத்தின் பெயர் அல்ல, ஒரு மென்பொருளின் பெயர். மவுஸ் ரீவ் என்ற நிரலாளர் தொடங்கியது. அதை யார் வேண்டுமானாலும் தம் சர்வரில் நிறுவித் தம் வட்டத்துக்குத் திறந்துவிடலாம். ஒரு சர்வரில் இருப்பவர் வேறொரு சர்வரில் இருப்பவரைப் பின்தொடரலாம், அவர் எழுதிய மதிப்புரைக்கு மறுமொழி சொல்லலாம். ஜிமெயிலில் இருப்பவர் யாஹூவில் இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார் அல்லவா, அந்த ஏற்பாடுதான். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் முறைக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். உலகளாவிய வலைச் சேர்த்தியம் 2018 ஜனவரியில் அதைத் தன் பரிந்துரையாக ஏற்றது. பரவலாக்கப்பட்ட சமூக வலைத்தளமான மாஸ்டடானும் இதே முறையில் இயங்குவதால், மாஸ்டடானில் கணக்கு வைத்திருப்பவர் புக்வெர்மில் இருக்கும் வாசகரை அங்கிருந்தபடியே பின்தொடரலாம். உள்ளே போனால் படிக்க வேண்டியவை, படித்துக்கொண்டிருப்பவை, படித்தவை, பாதியில் நிறுத்தியவை என்று அலமாரிகள். மதிப்புரை எழுதலாம், பக்க எண்ணோடு குறிப்பு எழுதலாம், பிடித்த வரியை எடுத்துப் போடலாம். விளம்பரம் கிடையாது. பதிவுகள் எழுதப்பட்ட வரிசையில் வரும். எதை யாருக்குக் காட்டுவது என்று இயந்திரம் முடிவு செய்வதில்லை.

இனி மறுப்புகள்.

1. "அங்கே ஆள் இல்லை."

ஆள் எதற்கு? குட்ரீட்ஸ் 2019இலேயே ஒன்பது கோடி உறுப்பினர்களைக் கணக்குக் காட்டியது. அந்த ஒன்பது கோடியில் ரெ. கார்த்திகேசுவின் 'அந்திம காலம்' நாவலைப் படித்தவர்கள் எத்தனை பேர்? அந்த நாவலைப் பற்றி இரண்டு பத்தி எழுதக்கூடியவர்கள் எத்தனை பேர்? நமக்கு வேண்டிய ஆள் அவர்கள்தான். அவர்கள் பெரும்பாலும் இந்த மாநிலத்திலும் பக்கத்துக் கெடாவிலும் தலைநகரிலும் இருக்கிறார்கள். சுங்கைப் பட்டாணியிலிருந்து எழுதும் சீ. முத்துசாமிக்கு 2017இல் விஷ்ணுபுரம் விருது கிடைத்தபோது அவரைப் புதிதாகத் தேடிப் படித்தவர்கள் தமிழ்நாட்டிலும் இருக்கிறார்கள். இவர்களைச் சேர்த்தாலே ஒரு வாசகர் சமூகம் அமைந்துவிடும். அதற்குக் கோடிகள் தேவையில்லை.

இந்த வாதத்துக்குள் இன்னொரு பிழையும் இருக்கிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் பேச்சும் நிறைய நடக்கும் என்று நம்புகிறார்கள். நடப்பது வேறு. எங்கள் கைப்பேசிக் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலைப் படித்து முடித்த இரவில் நீண்ட குறிப்பு ஒன்று எழுதினார். ஜப்பானியர் ஆட்சியில் சயாம் மரண ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்ட தம் உறவினர் ஒருவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசாமலே இருந்ததையும், நாவலின் ஒரு காட்சி அந்த மௌனத்தைத் தமக்குப் புரியவைத்ததையும் எழுதியிருந்தார். மலேசியத் தமிழ் இலக்கியம் பற்றி அண்மையில் நான் படித்த சிறந்த எழுத்துகளில் அதுவும் ஒன்று. விடிந்ததும் அதன்மேல் காலை வணக்கப் படங்கள் வந்து விழுந்தன, பிறகு திருமண வாழ்த்து, பிறகு மருந்துக் குறிப்பு. மூன்று கட்டை விரல்கள் மறுமொழியாக வந்தன. சில மாதம் கழித்து அதைத் தேடியபோது கிடைக்கவில்லை. அவரிடமும் இல்லை, கைப்பேசியை மாற்றியிருந்தார். இவ்வளவு ஆட்கள் இருந்த இடத்தில்தான் அது காணாமல் போனது. புக்வெர்மில் எழுதியிருந்தால் அந்தக் குறிப்பு அந்த நாவலின் பக்கத்தில் நின்றிருக்கும். ஐந்து ஆண்டு கழித்து அந்த நாவலைத் தேடி வரும் மாணவர் அதைப் படித்திருப்பார். இலக்கியப் பேச்சுக்கு ஆளை விட முக்கியம், எழுதியது நூலோடு ஒட்டி நிற்பது.

2. "இலவசமாக, நன்றாக நடப்பதை விட்டுவிட்டு ஏன் வெளியேற வேண்டும்?"

இதைச் சொல்பவர்கள் நம் சொந்த வரலாற்றை மறந்துவிட்டார்கள். தோட்டத்தில் லயத்து வீடு இலவசம். கோயில் நிலம் இலவசம், பள்ளிக்கூடக் கொட்டகைக்கும் நிலம் முதலாளி கொடுத்தது. எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, 1950களில் ஆங்கிலேய முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்படும்வரை. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் வேலையோடு வீட்டையும் இழந்தார்கள். கோயிலைக் கட்டியவர்களுக்குக் கோயில் நிலத்தின்மேல் உரிமையில்லை. துண்டாடலுக்குப் பதிலாகத்தான் 1960இல் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். பிறர் நிலத்தில் நட்டது எதுவும் நமதில்லை என்பதை இந்த நாட்டுத் தமிழனுக்கு இன்னொருவர் வந்து கற்பிக்க வேண்டியதில்லை.

புத்தக உலகில் இதே கதை நம் கண் முன்னே நடந்திருக்கிறது. ஷெல்ஃபாரி என்ற வாசகர் தளத்தை 2008இல் அமேசான் வாங்கியது. அதே ஆண்டு நூல் விற்பனைத் தளமான ஏப்புக்ஸையும் வாங்கியதில், லைப்ரரிதிங் தளத்தில் ஒரு பங்கும் அதன் கைக்கு வந்தது. 2013இல் குட்ரீட்ஸையே வாங்கியது. 2016இல் ஷெல்ஃபாரி மூடப்பட்டது. குட்ரீட்ஸில் அந்த 2013 செப்டம்பரில், எழுத்தாளர்களின் நடத்தையைப் பற்றியவை என்று கருதப்பட்ட மதிப்புரைகளும் அலமாரிகளும் முன்னறிவிப்பின்றி நீக்கப்பட்டன. முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரியிலிருந்து வாசகர்களுக்கு இலவசப் பிரதி வழங்கும் திட்டத்துக்கே எழுத்தாளரும் பதிப்பாளரும் 119 டாலர் முதல் கட்ட வேண்டியதாயிற்று. 2020 டிசம்பரில், வெளியார் நிரல்கள் குட்ரீட்ஸ் தரவைப் பயன்படுத்துவதற்கான திறவுகளைப் புதிதாகக் கொடுப்பது நிறுத்தப்பட்டது. புழக்கத்தில் இல்லாத பழைய திறவுகளும் முடக்கப்பட்டன. இவற்றில் எந்த முடிவுக்கும் வாசகர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் நிறுவனத்துக்கு இல்லை. நிலம் அதனுடையது.

அந்தத் தளத்தின் மதிப்பை யார் உண்டாக்கியது? நூல் விவரங்களைச் சரிபார்ப்பவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். மதிப்புரை எழுதுபவர்கள் வாசகர்கள். உழைப்பு முழுவதும் நம்முடையதாகவும் உடைமை முழுவதும் நிறுவனத்தினுடையதாகவும் இருக்கும் ஏற்பாட்டுக்கு இலவசம் என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கவில்லை. புக்வெர்மின் உரிமம் இதற்கு நேர் எதிர்த் திசையில் எழுதப்பட்டிருக்கிறது: தனி நபர்கள், இலாப நோக்கற்ற அமைப்புகள், கல்வி நிறுவனங்கள், தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவு அமைப்புகள் பயன்படுத்தலாம், ஆளை வைத்து இலாபம் பார்க்கும் நிறுவனம் பயன்படுத்த முடியாது. கட்டற்ற மென்பொருள் வாதிகளில் சிலர் இந்தக் கட்டுப்பாட்டை விரும்புவதில்லை. கூட்டுறவுச் சங்கத்தால் தோட்டம் வாங்கிய சமூகத்துக்கு இது அந்நியமாகத் தெரியக் காரணமில்லை.

3. "சிறு சர்வர்கள் நிலைக்காது, பெரிய நிறுவனம் நிலைக்கும்."

பெரிய நிறுவனம் நிலைக்கும் என்பதற்குச் சான்று எங்கே? தமிழ் இணையத்தின் தொடக்கக் காலத்தில் நம்மவர்கள் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. ஆர்குட் 2014 செப்டம்பரில் போனது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. இவற்றில் நமக்குப் பேரிழப்பு யாஹூ குழுமங்கள். 'மரத்தடி', 'ராயர் காபி கிளப்' என்று உலகத் தமிழ் வாசகர்கள் கூடி இலக்கியம் பேசிய இடங்கள் அங்கேதான் இருந்தன. இன்றைய மூத்த எழுத்தாளர்கள் சிலர் அங்கே சண்டை போட்டு வளர்ந்தவர்கள். 2019 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. சில மாதங்களுக்குள் அங்கே சேர்த்து வைத்திருந்த மடல்கள் எல்லாம் அழிக்கப்பட்டன. 2020 டிசம்பரில் சேவையே நின்றது. முன்யோசனையோடு தனியே எடுத்து வைத்தவர்களிடம் மட்டும் மிச்சம் இருக்கிறது. எந்தச் சிறு சர்வரும் இவ்வளவு தமிழ் எழுத்தை ஒரே அடியில் அழித்ததில்லை.

மறுபக்கம் பாருங்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய தமிழ் மின்னூல் திரட்டான மதுரைத் திட்டம் இன்றும் இருக்கிறது. அதற்கு முதலாளி இல்லை, தன்னார்வலர்கள்தான். யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட நினைவு ஆறாத ஒரு சமூகம் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இருக்கிறது. 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் இருக்கிறது. நான் மேலே சொன்ன நான்கு பெருநிறுவனச் சேவைகளும் மூடப்பட்ட காலத்தைத் தாண்டி மதுரைத் திட்டம் நின்றிருக்கிறது. நிலைப்பதற்குக் காரணம் மூலதனத்தின் அளவு என்ற நம்பிக்கைக்குத் தமிழ் இணைய வரலாற்றில் ஆதாரம் இல்லை. விற்பனைக்கு இல்லாதது நிலைத்திருக்கிறது, விற்பனைக்கு இருந்தது போய்விட்டது.

சிறு சர்வர்கள் மூடப்படுவது உண்மை. மாஸ்டடான் உலகில் பெயர் பெற்றிருந்த மாஸ்டடான்.டெக்னாலஜி 2022இல் மூடப்பட்டது. நடத்தியவருக்குத் தொடர முடியவில்லை. இதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் மூடும்போது என்ன ஆகிறது என்பதில் வேறுபாடு இருக்கிறது. மாஸ்டடான் தன் தளத்தில் பட்டியலிடும் சர்வர்களிடம், மூடுவதானால் மூன்று மாதம் முன்பே அறிவிக்க வேண்டும் என்று உறுதி வாங்குகிறது. புக்வெர்மில் வாசகர் தம் அலமாரியையும் மதிப்புரைகளையும் கோப்பாக இறக்கி வேறொரு சர்வரில் ஏற்றிக்கொள்ளலாம். ஏறிய இடத்தில் அதே மென்பொருள், அதே அலமாரி. குட்ரீட்ஸும் கோப்பு தருகிறது, அதை மறுக்கவில்லை; அந்தக் கோப்பையே புக்வெர்மில் ஏற்றிவிடலாம், லைப்ரரிதிங் கோப்பையும் ஏற்றலாம். ஆனால் யாஹூ குழுமம் மூடியபோது அந்த மடல்களைக் கொண்டுபோய் ஏற்ற இன்னொரு யாஹூ குழுமம் உலகில் இல்லை. நாம் பயப்பட வேண்டியது அந்த நிலைமைக்கு.

4. "தமிழ் நூல்களே அதில் இல்லை."

இது மேலோட்டமாகப் பார்த்தால் பலமான வாதம். என் பார்வையில் புக்வெர்முக்குப் போவதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை.

மலேசியத் தமிழ் நூல் எப்படிப் பிறக்கிறது என்பது தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்தாளரே பணம் போட்டு அச்சடிக்கிறார், ஐந்நூறோ ஆயிரமோ. மண்டபம் எடுத்து வெளியீட்டு விழா நடக்கிறது. பிரமுகர் ஒருவர் உறை கொடுத்து முதல் நூலைப் பெறுகிறார். வரிசையில் நின்று மற்றவர்களும் வாங்குகிறார்கள். மிச்சப் பிரதிகள் காருக்குள் ஏறி எழுத்தாளர் வீட்டுக்குத் திரும்புகின்றன. அதன் பிறகு அந்த நூல் இணையத்தில் எங்கும் கிடையாது: கடையில் இல்லை, பட்டியலில் இல்லை, அட்டைப் படம்கூட இல்லை. விழாவின் புகைப்படங்கள் மட்டும் முகநூலில் இருக்கும். அவற்றிலும் மாலையும் பொன்னாடையும் தெரியும், நூலின் பெயர் தெரியாது. பத்து ஆண்டு கழித்து ஆய்வு மாணவர் ஒருவர் அந்த நூல் எந்த ஆண்டு வந்தது என்று அறிய எழுத்தாளர் வீட்டுக்குத்தான் தொலைபேச வேண்டும். எழுத்தாளர் அப்போது உயிரோடு இருக்க வேண்டும்.

புக்வெர்மில் ஒரு நூலைத் தேடினால் அது தன் பட்டியலிலும், பிற புக்வெர்ம் சர்வர்களிலும், ஓப்பன் லைப்ரரி, இன்வென்டேர் என்ற இரண்டு பொதுப் பட்டியல்களிலும் தேடுகிறது. எங்கும் கிடைக்காவிட்டால் வாசகரே நூலைச் சேர்க்கலாம். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, மொழி, பக்கம், அட்டைப் படம் என்று ஒரு படிவம். சர்வதேசத் தர நூல் எண் இல்லாத பழைய நூலையும் சேர்க்கலாம். ஒரே படைப்பின் வெவ்வேறு பதிப்புகளை ஒன்றாகக் கோக்கலாம், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' 1993இல் இங்கே வந்த பதிப்பும் பிற்காலத் தமிழ்நாட்டுப் பதிப்பும் ஒரே படைப்பின் கீழ் நிற்கும். ஒரு சர்வரில் சேர்த்த நூலை மற்றச் சர்வர்களும் தேடி எடுத்துக்கொள்ளும்.

தமிழ் நூல்கள் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டு, அவை இல்லாமலே இருக்கும் இடங்களில் தங்கியிருப்பது என்ன நியாயம்? முகநூலில் நூற்பட்டியல் என்ற ஒன்றே கிடையாது. குட்ரீட்ஸில் தமிழ் நூல்கள் ஓரளவு இருப்பது தமிழ்நாட்டு வாசகர்கள் சிலரின் தனி முயற்சியால். அந்தத் தளத்தின் இடைமுகம் இத்தனை ஆண்டுகளில் தமிழுக்கு வரவில்லை, அதைக் கொண்டுவர நம்மால் ஆவது எதுவும் இல்லை. புக்வெர்மின் இடைமுகத்தைத் தன்னார்வலர்கள்தான் மொழிபெயர்க்கிறார்கள். தமிழ் தெரிந்தவர் உட்கார்ந்தால் தமிழும் வரும். அங்கே எதுவும் இல்லை என்பதை ஒரு குற்றச்சாட்டாகச் சொல்லலாம். அதையே நம் வேலைப் பட்டியலாகவும் எடுத்துக்கொள்ளலாம். பினாங்கில் அச்சான தமிழ் நூல்களின் முழுப் பட்டியலை நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்? 1880களில் நாகூரிலிருந்து வந்த குலாம் காதிறு நாவலர் இங்கே 'வித்தியா விசாரிணி' நடத்திய காலம் முதல் இன்றுவரை அச்சேறியவை எல்லாம் ஒரே இடத்தில் வாசகர் கண்ணில் பட்டதே இல்லை.

5. "வயதானவர்களுக்கு இதெல்லாம் கைவராது."

இது அவர்களைப் பற்றிய மதிப்பீடு அல்ல, நம் சோம்பலுக்குச் சாக்கு. 1980களின் நடுவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளைக் கொண்டுவந்தபோது தட்டெழுத்து மட்டும் தெரிந்த தமிழாசிரியர்கள் அதைக் கற்றார்கள். யூனிகோடு வந்தபோது பழைய எழுத்துருக்களை விட்டுவிட்டு மாறினார்கள். புக்வெர்மில் உறுப்பினராக வேண்டியவருக்குத் தேவை ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும்தான். தொழில்நுட்பம் தெரிய வேண்டியது சர்வரை நடத்துபவர்களுக்கு. அவர்கள் ஒரு வட்டத்துக்கு இரண்டு பேர் போதும். அறிவியல் பல்கலைக்கழகத்திலிருந்தும் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளிலிருந்தும் கணினி கற்ற இளைஞர்கள் இத்தனை பேர் வெளிவரும் மாநிலத்தில் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்கள் என்பதை என்னால் நம்ப முடியாது. செலவைப் பற்றியும் கேட்கிறார்கள். சிறு வட்டத்துக்கான சர்வர் வாடகை மாதம் நூறு வெள்ளிக்குள் அடங்கும். 1950களில் பத்திரிகையாசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியபோது கூலித் தொழிலாளர்களும் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் தமிழ் நூல்களுக்கு அந்தப் பணம் போனது. அவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு இந்த வாடகை பெரிய தொகை அல்ல.

6. "கட்டுப்பாடு இல்லாத இடம், யார் வேண்டுமானாலும் எதையும் எழுதுவார்கள்."

கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் என்ன நடந்தது? 2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட், ரஷ்யாவைக் களமாகக் கொண்ட தம் நாவலை வெளியீட்டுக்கு முன்பே நிறுத்திவைத்தார். அச்சுக்கே வராத நூலுக்குக் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திர மதிப்பெண்கள் குவிந்திருந்தன. அதே ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் ஒரு புதிய எழுத்தாளர் போலிக் கணக்குகள் தொடங்கிச் சக எழுத்தாளர்களின் நூல்களுக்கு மதிப்பெண் குறைத்தது வெளிப்பட்டு, பதிப்பாளர் அவரைக் கைவிட்டார். படிக்காதவன் மதிப்பெண் போடுவதைத் தடுக்கக் கோடிக்கணக்கானவர்கள் கூடும் தளத்தால் முடியவில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஐம்பது பேர் வட்டத்தில் அது நடப்பது கடினம். புக்வெர்ம் சர்வரை நடத்துபவர் அழைப்பின் பேரில் மட்டும் உறுப்பினர்களைச் சேர்க்கலாம், புகார்களைப் பார்த்து நடவடிக்கை எடுக்கலாம், தொல்லை தரும் வேறொரு சர்வரை முழுவதுமாக அடைக்கலாம். விதியை எழுதுவதும் காப்பதும் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவராக இருப்பார். முகநூலிலோ குட்ரீட்ஸிலோ நாம் எழுதிய மதிப்புரை மீது புகார் வந்தால், தமிழ் தெரிந்த மனிதர் படித்துத்தான் முடிவெடுப்பார் என்று நமக்கு யார் உறுதி தந்திருக்கிறார்கள்?

இதில் உண்மையான கவலை ஒன்று உண்டு. அதை எதிர்த்தரப்பு சொல்லாவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும். ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு 2020இல், 1984ஆம் ஆண்டின் அச்சு இயந்திர, வெளியீட்டுச் சட்டத்தின் கீழ்த் தடைசெய்தது. அப்படித் தடைபட்ட நூலைப் பற்றிய பேச்சு நம் சர்வரில் எழுந்தால், அதற்குப் பொறுப்பேற்பவர் முகம் தெரியாத நிறுவனமாக இருக்க மாட்டார். நம்மில் ஒருவர், பெயரும் முகவரியும் உள்ளவர். அவருக்குச் சட்ட ஆலோசனை வேண்டும், எழுத்தில் விதிகள் வேண்டும், பின்னால் ஒரு பதிவுபெற்ற அமைப்பு வேண்டும். ஆனால் இதை முகநூலுக்கு ஆதரவான வாதமாக மாற்ற முடியாது. 1998ஆம் ஆண்டின் தொடர்பு, பல்லூடகச் சட்டம் எழுதியவரைத் தேடி முகநூலுக்குள்ளும் வரும். அங்கே மாட்டிக்கொள்ளும் வாசகர் தனியாகத்தான் நிற்பார். வட்டமாக நடத்தும் இடத்தில் துணைக்கு ஆள் இருக்கும்.

7. "எல்லாரும் வந்தால் நாங்களும் வருகிறோம்."

எல்லாரும் ஒரே நேரத்தில் வந்த இலக்கிய அமைப்பு எது? 'மரத்தடி' ஒரு சிலரோடு தொடங்கியது. 2007இல் 'வல்லினம்' இதழ் தொடங்கியபோதும் சிலர்தான். காத்திருந்தால் எதை இழப்போம் என்பதற்கும் சான்று உண்டு. 'தமிழ் நேசன்' நாளிதழ் 1924 முதல் 2019 வரை நடந்தது, அதன் ஞாயிறு பதிப்பில் கதை எழுதிப் பழகியவர்கள் இந்த நாட்டு இலக்கியத்தை உண்டாக்கினார்கள். அந்த நாளிதழ் நின்றபோது நாம் வருத்தம் தெரிவித்தோம், அவ்வளவுதான். அதன் பக்கங்களில் வந்த மதிப்புரைகளை இன்று ஒரு வாசகர் தம் வீட்டிலிருந்து தேடிப் படிக்க வழியில்லை. அடுத்த தலைமுறை நம் வாசிப்பைப் பற்றியும் இதையே சொல்லுமா என்பது, கூட்டம் சேரும்வரை காத்திருப்பவர்களின் கையில் இல்லை.

நான் யாரையும் முகநூலை விட்டு வெளியேறச் சொல்லவில்லை. கூட்ட அறிவிப்பு அங்கேயே இருக்கட்டும், விழாப் படங்களும் இருக்கட்டும். நான் கேட்பது, நூலைப் பற்றி எழுதியதை மட்டும் நூல் இருக்கும் இடத்தில் எழுதுங்கள், பிறகு அதன் இணைப்பை எங்கே வேண்டுமானாலும் பகிருங்கள் என்பது. இந்த ஆண்டு செபராங் பிறையிலோ தீவிலோ நூல் வெளியிடப்போகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அட்டை அச்சுக்குப் போகும் அன்றே யாராவது ஒருவர் உட்கார்ந்து அந்த நூலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்: தலைப்பு தமிழ் எழுத்தில், ஆண்டு, அச்சகம், பக்கம், அட்டைப் படம், பின்னட்டைக் குறிப்பு. கால் மணி நேர வேலை. விழாவில் நூலை வாங்கிப் போனவர் அரை ஆண்டு கழித்துப் படித்து முடித்தாலும், அவர் எழுதுவது போய்ச் சேர ஒரு பக்கம் அங்கே திறந்திருக்க வேண்டும்.